சூடான மொபெட் மறுபடி கிளம்பவில்லையா?

அதிகாலையில் பால் கேனுடன் ஒரே மிதியில் கிளம்பிய மொபெட், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பத்து முறை மிதித்தாலும் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது. பூவோ காய்கறியோ சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கு இந்த அரை மணி நேரம் பெரும் நஷ்டம். காரணம் அறியாமல் பிளக், காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவதும் வீண் செலவே.

2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. கிராமங்களில் ஓடும் பழைய வண்டிகளுக்கே இந்தத் தொல்லை.

சூட்டில் மட்டும் ஏன்?

வண்டி ஓடும்போது காற்றும், புதிதாக வரும் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் என்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. அதிலுள்ள பெட்ரோல் ஆவியாகி என்ஜினுக்குள் அளவுக்கு மீறிச் சேரலாம். அல்லது குழாயில் ஆவி அடைத்துப் பெட்ரோல் வராமல் போகலாம். சூடேறிய காயிலும் கண்டென்சரும் வலுவிழந்து நெருப்புப் பொறி குறையலாம். வண்டி ஆறிவிட்டால் கோளாறு மறைந்துவிடும். ஆகவே, சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

பிளக் காட்டும் அடையாளம்

முதலில் சோக் திறந்துகிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடான என்ஜினுக்குச் சோக் தேவையில்லை. பிறகு துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகியுள்ளது. பெட்ரோல் காக்கை மூடி, சாவியை அணைத்து, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகியபடி, பிளக் இல்லாமலே பத்து முறை மிதிக்க வேண்டும். பிளக்கைத் துடைத்து மாட்டியபின் கிளம்பும். இது அடிக்கடி நேர்ந்தால் சோக் முழுதும் திரும்புகிறதா, ஏர் பில்டரில் தூசி அடைத்துள்ளதா, புளோட் ஊசி பெட்ரோலை ஒழுகவிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் காக்கை மூடிவிடுவது நல்லது.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்தவுடன் வண்டி கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தால் போதும். இல்லையேல் கார்புரேட்டரிலிருந்து குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கிலுள்ள வலை அடைத்துள்ளது. நன்றாக வந்தும் கிளம்பாவிட்டால், கார்புரேட்டர்மீது ஈரத்துணியைச் சிறிது நேரம் சுற்றிப் பார்க்கலாம். அதில் சரியானால் சூடுதான் காரணம். குழாய் சைலன்சரை ஒட்டிச் செல்கிறதா, என்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள தடித்த பேக்கிங் நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சூடான என்ஜின்மீது தண்ணீர் ஊற்றலாகாது, விரிசல் விடும்.

பொறி சரியாக இருக்கிறதா?

காக்கை மூடி, சிந்திய பெட்ரோலைத் துடைத்தபின், பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி என்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து மிதிக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. நீலநிறப் பொறி நல்லது. சிவந்து மெலிந்திருந்தால் முதலில் பிளக்கை மாற்ற வேண்டும். அப்போதும் ஆறியபின் பொறி வலுவாகவும் சூட்டில் மெலிந்தும் இருந்தால், பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் கண்டென்சர், அடுத்து காயில். விலை குறைந்த கண்டென்சரையே முதலில் மாற்ற வேண்டும். பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்கலாம்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால் ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. தண்ணீர் சேர்ந்தால் அது பிரிந்து அடியில் தங்கும். ஆகையால் மழைக்காலத்தில் கார்புரேட்டர் கிண்ணத்தை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். பழைய ரப்பர் குழாய் இறுகி வெடித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது, "சூட்டில் பிளக் நனைந்திருந்தது" என்றோ "பொறி மெலிந்திருந்தது" என்றோ சொன்னால், தேவையற்ற பாகங்களுக்குச் செலவு செய்வது மிச்சமாகும்.