மார்க்கெட்டிங் வேலையும் இன்டர்ன்ஷிப்பும்: நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை



கல்லூரித் தேர்வுகள் முடிந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன? "துபையில மாமா இருக்காங்க, விசா கேட்டுப் பார்ப்போம்" என்பார் வாப்பா. "சென்னைக்கு அனுப்புங்க, ஏதாவது கம்பெனியில சேரட்டும்" என்பார் காக்கா. பிள்ளை மெல்ல வாயைத் திறந்து, மார்க்கெட்டிங்கில் ஒரு வேலை வந்திருக்கிறது என்று சொன்னால், "பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையவா படிக்க வச்சோம்?" என்று உம்மா கேட்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

வியாபாரத்தையே தொழிலாகக் கொண்ட சமுதாயத்தில் மார்க்கெட்டிங் என்ற சொல்லுக்கு இப்படி ஒரு மரியாதைக் குறைவு வந்தது வேடிக்கைதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயல் துறைக்கு வந்ததைக் குறிப்பிடுகிறார். முத்தும் பிறகு மாணிக்கக் கற்களும் கொண்டு நம்மவர்கள் இலங்கை, ஹாங்காங், ஜெய்ப்பூர் என்று போனார்கள். யாருக்கு என்ன தேவை, எவ்வளவு விலை தாங்கும், யாரை நம்பலாம் என்று தெரிந்துதான் போனார்கள். அந்த அறிவுக்குத்தான் இன்று பட்டப்படிப்பு வைத்திருக்கிறார்கள்.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, தம் சொத்தில் பாதியைத் தருவதாக ஸஅத் பின் ரபீஃ (ரலி) முன்வந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி காட்டச் சொன்னார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார் என்று புகாரியில் வருகிறது. வேலை தேடும் பிள்ளையும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சந்தை எங்கே இருக்கிறது? சம்பளம் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முதலில் விளம்பரங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் தேவை, அனுபவம் தேவையில்லை" என்று வருபவற்றில் பெரும்பகுதி உண்மையில் விற்பனை வேலை: கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ், மனை, கடன். விற்பனை கேவலமான வேலை இல்லை. கடைவீதியில் நின்று பழகாதவர் நல்ல மார்க்கெட்டிங் ஆளாக வருவது கடினம். ஆனால் என்ன பொருளை விற்கப் போகிறோம் என்பது சேரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வட்டியோடு தொடர்புள்ள பொருள் என்றால் ஊரில் உள்ள ஆலிமிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. சேர்ந்து மூன்று மாதம் கழித்து மனம் உறுத்திப் பயனில்லை.

இரண்டாவது வகை, ஆள் சேர்த்தால் பணம் என்று வரும் திட்டங்கள். இவையும் மார்க்கெட்டிங் என்ற பெயரில்தான் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகின்றன. பெரும்பாலும் சொந்தக்காரர் மூலமாக வருவதால் மறுக்கவும் கூச்சம். 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை விதிகள், பிரமிட் திட்டங்களைத் தடை செய்கின்றன. உறுப்பினராகச் சேர நுழைவுக் கட்டணம் வாங்கவும் கூடாது. 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. வருமானம் பொருள் விற்பதால் வருகிறதா, ஆள் சேர்ப்பதால் வருகிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

மூன்றாவது வகையைப் பற்றி வெளிநாட்டுத் தொடர்பு அதிகம் உள்ள நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" வேலை என்று சமூக ஊடகங்களிலும், துபை மற்றும் இந்தியாவில் உள்ள ஏஜெண்டுகள் மூலமும் ஆள் எடுத்து, சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே செய்யச் சொன்னது இணைய மோசடி. அந்த ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தவர்களில் தமிழக இளைஞர்கள் 13 பேர் இருந்தார்கள். அதோடு அது ஓயவில்லை. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்து வழியாக அழைத்துவரப்பட்டார்கள்.

போனவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் பேசத் தெரிந்த பிள்ளைகளைத்தான் இந்தக் கும்பல் தேடுகிறது. எனவே வெளிநாட்டு மார்க்கெட்டிங் வேலை என்று வந்தால், அது எந்த நாடாக இருந்தாலும், ஏஜெண்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விசிட் விசாவில் வந்து வேலை பார், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பதை ஏற்காதீர்கள். அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். அந்த நாட்டின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவும் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அங்கே விசாரிக்கச் செலவில்லை.

நேர்மையான வேலைக்குப் போகும் வழிக்கு வருவோம். அனுபவம் இல்லாத பட்டதாரிக்கு முதல் கதவு பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்தான். ஆனால் நம் பகுதியில் அது ஒரு சடங்காகிவிட்டது. தெரிந்தவர் கடையில் ஒரு முத்திரை, இருபது பக்கத்தில் ஒரு ரிப்போர்ட், அதுவும் சீனியரிடம் வாங்கிப் பெயர் மாற்றியது. நேர்முகத் தேர்வில் "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது.

சென்னையில் பெரிய கம்பெனி கிடைத்தால்தான் இன்டர்ன்ஷிப் என்ற எண்ணமும் சரியல்ல. பெரிய இடத்தில் இரண்டு மாதமும் எக்செல் தாளில் பெயர் ஏற்றும் வேலையே கிடைக்கலாம். சிறிய இடத்தில் வாங்குவது முதல் விற்பது வரை முழுச் சங்கிலியையும் பார்க்கலாம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறும் முன் நம்மைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். உடன்குடி பனங்கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலை, தூத்துக்குடி மக்ரூன் மூன்றுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்பும் கடல் உணவு ஏற்றுமதியும் இருக்கின்றன. துறைமுகத்தைச் சுற்றி சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் ஏராளம். அங்கே சேல்ஸில் இருப்பவரின் வேலை, கொழும்புக்கோ ஜெபல் அலிக்கோ கண்டெய்னர் அனுப்பும் ஏற்றுமதியாளரைத் தேடிப் பிடித்து, கப்பல் நிறுவனத்திடம் கட்டணம் பேசி, அவருக்குக் கட்டுப்படியாகும் விலை சொல்வது. இந்த வேலையில் வாக்கு சுத்தமாக இருந்தால் வாடிக்கையாளர் வருடக்கணக்கில் விட்டுப் போகமாட்டார்.

கருப்பட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எட்டு வாரம் ஒரு மொத்த வியாபாரியிடம் சேர்கிறீர்கள். முதல் வாரம் இன்ஸ்டாகிராம் பக்கமே போக வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். "சீனி கலக்காததா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். அந்த ஒரு கேள்வியில் முழு வியாபாரமும் இருக்கிறது. விலை அதிகம் என்று திரும்பிப் போகிறவர் உண்மையில் சந்தேகத்தில்தான் போகிறார். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதே உங்கள் வேலை. எந்த விளையில் காய்ச்சியது, எப்போது காய்ச்சியது, பதநீர் இறங்காத மாதங்களில் விலை ஏன் ஏறுகிறது என்று மறைக்காமல் சொல்லும் ஒரு சிறு வீடியோ, நடிகை படம் போட்ட விளம்பரத்தை விட அதிகம் விற்றுத் தரும்.

பிறகு பொட்டலத்தைப் பாருங்கள். எடை, விலை, பொதிந்த தேதி, முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் இருக்கின்றனவா? கடை கூகுள் மேப்பில் சரியான இடத்தில் காட்டுகிறதா? வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் உண்டா? நம் பகுதியில் பாதிக் கடைகளுக்கு இவற்றைச் செய்துகொடுக்க ஆள் இல்லை. முதலாளி "நீ செய் தம்பி" என்று சந்தோஷமாக விட்டுவிடுவார்.

அதன் பிறகுதான் காசு போட்டு விளம்பரம். உதாரணத்துக்கு 1,000 ரூபாய் செலவழித்து 50 பேர் விசாரித்தார்கள், 8 பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 125 ரூபாய் ஆகியிருக்கிறது. கிலோவுக்கு லாபம் 80 ரூபாய் என்றால் முதல் விற்பனையில் தலைக்கு 45 ரூபாய் நஷ்டம். ஆனால் அவர்களில் ஐந்து பேர் அடுத்த மூன்று மாதமும் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினால், 360 ரூபாய் நஷ்டம் 840 ரூபாய் லாபமாக மாறிவிடும். வாங்கியவரைத் திரும்ப அழைத்து வருவதுதான் லாபம் என்ற பாடம் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் இருக்கும். இந்த ஒரு கணக்கைச் சொந்தமாகப் போட்டுப் பார்த்த பிள்ளையை நேர்முகத் தேர்வில் யாரும் எளிதில் ஒதுக்கமாட்டார்கள். பயோடேட்டாவில் "இன்டர்ன்ஷிப் செய்தேன்" என்று எழுதுவதை விட, எத்தனை விசாரணை, எத்தனை ஆர்டர், எவ்வளவு செலவு என்று மூன்று எண்களை எழுதுங்கள். கடைக்காரரின் அனுமதி கேட்டு எழுதுங்கள். அவர் கணக்கு அமானிதம்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு சோதனையும் வரும். "நாலைந்து பெயரில் ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டு விடு" என்பார்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கடையில் வாங்காதவர் வாங்கியதாக எழுதுவது பொய்ச்சாட்சி அல்லாமல் வேறென்ன? தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மேலே காய்ந்ததைக் காட்டி அடியில் ஈரத்தை மறைப்பதும் இதுவும் ஒன்றுதான். நாட்டுச் சட்டமும் இப்போது அந்தப் பக்கம்தான் வருகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இணைய விமர்சனங்களுக்கென்றே 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலை வெளியிட்டது. "வேண்டாம் அண்ணாச்சி, உண்மையிலேயே வாங்கினவங்ககிட்ட நான் போன் போட்டுக் கேட்டு எழுத வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான முதலாளிகள் ஒத்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்திலும் திருச்செந்தூரிலும் பெண்கள் கல்லூரிகளில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரிகள் எத்தனையோ பேர். விளம்பர வாசகம் எழுதுவது, பொருள் விவரம் தயாரிப்பது, இணைய விளம்பரக் கணக்கைக் கவனிப்பது இவையெல்லாம் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை. தமிழும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கூகுள் ஸ்கில்ஷாப், ஹப்ஸ்பாட் அகாடமி போன்றவற்றில் இலவசமாகப் படித்துச் சான்றிதழ் பெறலாம். அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து செய்யும் இன்டர்ன்ஷிப்பில்தான் ஏமாற்றும் அதிகம். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று கேட்டால் விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உதவித்தொகையைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். கற்றுக்கொள்ளும் முதல் சில வாரங்கள் சும்மா இருக்கலாம். ஆறு மாதம் முழு நேர வேலை வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் தருவது நியாயமில்லை. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பட்டம் முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி என்ற வழியும் உண்டு. 2019 விதிகளில் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தார்கள். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது 21 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு ஓராண்டுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். விண்ணப்பிக்கும் முன் அப்போதைய நிபந்தனைகளைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். "நன்றாக வேலை செய்தார்" என்று ஒற்றை வரி போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பொறுப்பு, என்ன பலன் என்று இருக்க வேண்டும். கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு நபி (ஸல்) அவர்கள் ஷாம் சென்று வந்தபோது, உடன் போன மைஸரா திரும்பி வந்து தாம் கண்ட நேர்மையைச் சொன்னதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. கூடவே இருந்து பார்த்தவர் சொல்லும் சொல்லுக்கு அன்றும் அந்த மதிப்பு இருந்தது. அலுவலகத்தில் நேரம் இல்லை என்றால், நீங்களே ஒரு வரைவு எழுதி எடுத்துப் போங்கள். திருத்திக் கையெழுத்துப் போட அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.