மன்னிப்பு முதல்ல வரணுமா, நீதியா? தென்னாப்பிரிக்காவின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

மதம், போர்னு பேச ஆரம்பிச்சாலே ரெண்டு பதில்தான் வரும். "எல்லா மதமும் அமைதியைத்தான் சொல்லுது." இல்லன்னா, "எல்லா சண்டைக்கும் மதம்தான் காரணம்." இன்னைக்கு நாம பார்க்கப்போற நாட்டுல ரெண்டுமே நடந்திருக்கு. அதுவும் ஒரே பைபிளை வச்சுக்கிட்டு.

ஒரே வேதம், ரெண்டு அணி

1948-ல் தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, இன ஒதுக்கலைச் சட்டமாக்கியது. இனங்கள் தனித்தனியா இருக்கறதுதான் கடவுளோட சித்தம்னு அதுக்கு வேத விளக்கம் கொடுத்தது, வெள்ளையர்களோட டச்சு சீர்திருத்தத் திருச்சபை.

எதிர்ப்பும் திருச்சபைக்குள்ள இருந்துதான் வந்தது. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, இன ஒதுக்கலை நியாயப்படுத்தும் இறையியலை 'வேதப்புரட்டு'ன்னு அறிவிச்சது. அந்தக் கூட்டத்திலேயே, தென்னாப்பிரிக்கப் பாதிரியார் ஆலன் பூசாக்கைத் தலைவராவும் தேர்ந்தெடுத்தாங்க.

"சமாதானமாப் போங்க"ன்னா போதுமா?

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது 1985-ல் வந்த கைரோஸ் ஆவணம். 150-க்கும் மேற்பட்ட பாதிரியார்களும் இறையியலாளர்களும் கையெழுத்துப் போட்டது. அரசை ஆதரிச்ச சபைகளை மட்டுமில்ல, "ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுங்க"ன்னு சொன்ன நல்ல மனசுக்கார சபைகளையும் அது கேள்வி கேட்டது. ஒருத்தன் கழுத்துல இன்னொருத்தன் கால் இருக்கு. அப்போ ரெண்டு பேரையும் பார்த்து "கை குலுக்குங்க"ன்னு சொன்னா, அது யாருக்கு வசதி? முதல்ல காலை எடுக்கணும். நீதி இல்லாத நல்லிணக்கம் நல்லிணக்கமே இல்லங்கறதுதான் அவங்க வாதம்.

டுட்டுவின் ஆணையம்

1994 தேர்தல்ல மண்டேலா ஜெயிச்சார். அடுத்த வருஷமே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கான சட்டம் வந்தது. தலைவர், ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. 1996 ஏப்ரலில் முதல் விசாரணையை அவர் ஜெபத்தோடதான் தொடங்கினார். "என் மனிதத்தன்மை உன் மனிதத்தன்மையோட பின்னிக் கிடக்கு"ங்கற 'உபுண்டு' கருத்தை அவர் திரும்பத் திரும்பப் பேசினார். ஆமா, லினக்ஸ்ல நமக்குத் தெரிஞ்ச அதே பேர்தான்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். தமிழ்ல ரெண்டையும் 'மன்னிப்பு'ன்னுதான் சொல்றோம். ஆனா பாதிக்கப்பட்டவர் மனசார மன்னிக்கறது வேற, அரசு தர்ற பொதுமன்னிப்பு வேற. பொதுமன்னிப்புக்குச் சட்டம் கேட்டது ரெண்டு விஷயம்: குற்றம் அரசியல் நோக்கத்தோட நடந்திருக்கணும், முழு உண்மையும் சொல்லணும். வருத்தம் தெரிவிக்கணும்னு கட்டாயமே இல்ல. 7,112 பேர் விண்ணப்பிச்சாங்க. 849 பேருக்குத்தான் கிடைச்சது.

மறுத்தவங்களும் உண்டு

1977-ல் போலீஸ் காவலில் இறந்தவர் ஸ்டீவ் பிக்கோ. அவரோட குடும்பமும் இன்னும் சிலரும், பொதுமன்னிப்பு எங்க நீதியைப் பறிக்குதுன்னு அரசியலமைப்பு நீதிமன்றம் போனாங்க. 1996-ல் வழக்கு தோற்றது. 1999-ல் அந்தப் போலீஸ்காரங்க கேட்ட பொதுமன்னிப்பும் மறுக்கப்பட்டது. ஆனா போதிய சாட்சியம் இல்லைன்னு 2003-ல் அரசு வழக்கும் போடல.

இழப்பீடு? ஆறு வருஷத்துக்கு வருஷாவருஷம் கொடுக்கணும்னு ஆணையம் பரிந்துரைச்சது. அரசு 2003-ல் அறிவிச்சது ஒரே தடவையா 30,000 ராண்ட்.

அதுக்காக டுட்டு தோத்துட்டார்னு நான் சொல்லமாட்டேன். பிள்ளை எங்க புதைக்கப்பட்டான்னு கூடத் தெரியாத சில அம்மாக்களுக்கு அந்த விசாரணைகள்தான் பதில் கொடுத்தது. மதத்தால அந்தக் கதவைத் திறக்க முடிஞ்சது. ஆனா உள்ள போய் வழக்கு நடத்தவும் இழப்பீடு கொடுக்கவும் வேண்டியது அரசு. அந்த வேலை பாதியிலயே நின்னுடுச்சு.

அதனால அடுத்த தடவை யாராவது "மறப்போம், மன்னிப்போம்"னு சொன்னா ஒண்ணு மட்டும் கவனிங்க: அதைச் சொல்றது யார், அடிபட்டவரா, அடிச்சவரா?

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.