குறியேற்றமும் எழுத்து மீட்பும்

இணைய முகவரியில் நேரே இடம்பெற இசைவில்லாத எழுத்தை, இசைவுள்ள குறிகளின் கோவையாக மாற்றி எழுதுதல் விழுக்காட்டுக் குறியேற்றம் ஆகும். அக்கோவையிலிருந்து எழுத்தை மீட்டல் குறிநீக்கம் ஆகும். மீட்கவேண்டிய கோவைகளை முகவரியுள் கண்டறிய உதவுவது சுருங்குறித்தொடர்; ஒரு சரத்துள், அதாவது எழுத்துகளின் வரிசையுள், தேடவேண்டிய பகுதியை அதன் அமைப்பால் வரையறுப்பது அது. நரம்பு வலைகளை ஆராய்ந்து ஸ்டீபன் கிளீனி 1956இல் வெளியிட்ட கணக்கியல் கருத்து இதற்கு வித்தாயிற்று. அதனை எழுத்துத் தேடலுக்குரிய நிரலாக்கி 1968இல் விளக்கியவர் கென் தாம்சன்.

விழுக்காட்டுக்குறி ஒன்றும் அதனை அடுத்துப் பதினறும எண்குறி இரண்டுமாக நிற்கும் மூன்று குறிகள் ஓர் எண்மியைச் சுட்டும். எட்டு இருமங்கள் கூடியது எண்மி. வழக்கில் பைட்டு என்பர். ஆங்கில எழுத்துக்கு ஓர் எண்மி போதும். தமிழ் எழுத்துக்குறிக்கோ மூன்று வேண்டும். ‘அ’ என்பது 224, 174, 133 எனும் மூன்று எண்மிகளாய் நின்று, முகவரியில் ஒன்பது குறிகளாக விரிகிறது. எழுத்தை இவ்வாறு எண்மிகளாக்கும் யூடிஎஃப்-8 எனும் முறையை 1992இல் ராப் பைக்குடன் இணைந்து வகுத்தவரும் அதே தாம்சன்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது. முதல் எண்மி 224 முதல் 239 வரை அமையின், அதனொடு மேலும் இரண்டு சேர்ந்தே எழுத்து நிறையும். பின்வரும் அவ்விரண்டும் 128 முதல் 191 வரையுள் அடங்கும். தமிழுக்குரிய ஒருங்குறி (யூனிகோடு) பகுதி முழுவதும் 224இல் தொடங்கி, இரண்டாம் இடத்தில் 174 அல்லது 175ஐ மட்டுமே ஏற்கிறது. எங்கோ நடுவில் ஓர் எண்மியைத் தொட்டாலும், அது தலையா தொடர்ச்சியா என அறியக்கூடிய ஒழுங்கு இது.

இவ்வொழுங்கை மறந்து, மும்மூன்று குறிகளாகப் பிரித்துத் தனித்தனி எழுத்தாக்கும் நிரலே தமிழைச் சிதைக்கிறது. சுருங்குறித்தொடர் இடையறாது அடுத்துவரும் எண்மிகள் அனைத்தையும் ஒரே கோவையாகப் பற்றவேண்டும். பற்றிய கோவையை முழுமையாகக் குறிநீக்கி, விளைந்த எழுத்துகளை அவ்விடத்தில் அமைக்கவேண்டும்.

மாற்றீடு ஒரே சுற்றில் முடிதலும் இன்றியமையாதது. விழுக்காட்டுக்குறியே %25 என எழுதப்படுவதால், %2520 என்பது ஒருமுறை குறிநீக்கினால் %20 ஆகும். மறுமுறையும் நீக்கினால் வெற்றிடமாகி, எழுதியவர் கருதிய பொருள் அழியும்.

நிரல் எழுதும் தமிழர், தம் நிரலைத் ‘தமிழ்’ என்னும் சொல்லாலேயே ஆராய்ந்து பார்க்க வேண்டுகிறேன்: முகவரியில் விரிந்த 45 குறிகளும் ஐந்து எழுத்துக்குறிகளாகத் திரும்பின், அந்நிரல் செம்மையானது.