பெண்ணின் நெஞ்சுவலி பெண் டாக்டருக்குத்தான் புரியுமா?

காலையிலிருந்தே முதுகில் வலி, லேசான மூச்சிரைப்பு, குமட்டல். ‘வாயுவாக இருக்கும்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பெண்கள் நம் வீடுகளில் ஏராளம். அதே வலி வீட்டு ஆணுக்கு வந்தால், அடுத்த நிமிடம் ஆட்டோ வாசலில் நிற்கும்.

சரி, ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்துவிட்டாலும், பார்க்கிற டாக்டர் ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்து அந்தப் பெண் பிழைக்கும் வாய்ப்பு மாறுமா?

ஃப்ளோரிடா சொன்ன கணக்கு

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் 1991 முதல் 2010 வரை மாரடைப்புடன் வந்த சுமார் 5.8 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் அலசினார்கள். முடிவுகள் 2018-ல் வெளியாயின. ஆண் டாக்டர்கள் பார்த்த பெண்களில் 13.3 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். பெண் டாக்டர்கள் பார்த்த பெண்களில் இது 12 சதவிகிதம். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால், ஆயிரம் பெண்களுக்கு 13 உயிர்!

இன்னொன்றும் தெரியவந்தது. நிறைய பெண் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய, உடன் வேலை செய்வோரில் பெண் டாக்டர்கள் அதிகமுள்ள ஆண் டாக்டர்களிடம் இந்த இடைவெளி குறைந்தது. ஆக, விஷயம் பழக்கத்திலும் கவனத்திலும் இருக்கிறது.

கனடாவிலும்...

கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் 2019 வரை, பைபாஸ் உட்பட 21 வகை அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 13 லட்சம் பேரை ஆராய்ந்தபோது, ஆண் சர்ஜன்களிடம் சென்ற பெண்களுக்கு 30 நாள்களுக்குள் சிக்கலோ மரணமோ நேரும் வாய்ப்பு 15 சதவிகிதம் அதிகமாக இருந்தது. பெண் சர்ஜன்களிடம் சென்ற ஆண்களுக்கு அப்படி எந்தப் பாதிப்பும் இல்லை.

இவை பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல இவற்றால் முடியாது. பெண்களின் இதய ரத்தக்குழாய்கள் சிறியவை. பெரும்பாலும் வயது கூடிய பிறகே அவர்களுக்கு மாரடைப்பு வருகிறது. ஆஸ்பத்திரிக்கும் தாமதமாகவே வருகிறார்கள்.

இதய மருத்துவர் பெர்னடின் ஹீலி 1991-லேயே இந்தப் பிரச்னைக்கு ‘யென்டில் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட கதாநாயகி யென்டில். தன் நோயும் ஆணின் நோயைப் போலவே இருக்கிறது என்று காட்டினால்தான் பெண்ணுக்குச் சரியான சிகிச்சை கிடைக்கிறது என்பது அவர் ஆதங்கம்.

என்ன செய்யலாம்?

பெண் டாக்டர் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சில் அழுத்தம், தாடை, தோள், முதுகில் வலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, வியர்வை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். வலி எப்போது ஆரம்பித்தது, சர்க்கரை, பிரஷர் உண்டா என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ‘கேஸ்தான்’ என்று அவர் சொன்னாலும், “ஒரு இ.சி.ஜி எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அம்மா ‘ஒண்ணுமில்லடா’ என்று சொல்லும் நாளில் அந்தக் கேள்வியைப் பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.