ஏதுவும் போலியும்: ஹோமியோபதி வழக்கு பற்றிய ஓர் அளவை நோக்கு

மருந்தை உண்டபின் நோய் தீர்ந்தது. ஆதலின் அம்மருந்தே நோயைத் தீர்த்தது. இஃது எளிய உரை. நாள்தோறும் நம் இல்லங்களில் வழங்கும் உரை. ஆயினும், இதன்கண் அமைந்த 'ஆதலின்' என்னும் ஒரு சொல்லைப் பற்றியே 200 ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகில் ஒரு பெருவழக்கு நிகழ்ந்து வருகின்றது. ஹோமியோபதி மருத்துவத்தை நம்புவோர் ஒரு சாரார். அதனை ஐயுறுவோர் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றையும் அளவை நெறியில் வைத்து நோக்கி, வழக்கின் நிலைக்களம் யாது எனத் தெளிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் பற்றிய பொருள் தமிழாராய்ச்சி இதழுக்கு உரியதோ என்னும் வினா எழலாம். மணிமேகலையின் 29-ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புக்களையும், அவற்றிற்குரிய போலிகளையும் விரித்துரைக்கின்றது. அப்பகுதியை நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். எனினும், அது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே மனப்பாடம் செய்யப்பெற்றுத் தேர்வோடு மறக்கப்படுகின்றது. அக்கருவி இன்றும் மழுங்காதது என்பதனைக் காட்டுதற்கு இவ்வழக்கு தக்கதோர் இடமாகும்.

1. கொள்கையின் தோற்றம்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மெய்சன் நகரத்தே 1755-இல் பிறந்தவர் சாமுவேல் ஹானிமன். அவர் 1790-இல் கல்லன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவரின் மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சிங்கோனாப் பட்டை முறைக்காய்ச்சலைத் தீர்த்தற்கு அந்நூல் கூறிய காரணம் அவர்க்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. எனவே தாமே அப்பட்டையை உண்டு பார்த்தார். அக்காய்ச்சலின் குறிகளை ஒத்த குறிகள் தம் உடலில் தோன்றக் கண்டார். நலமுடையார்பால் ஒரு பொருள் எக்குறிகளை விளைக்குமோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்னும் 'ஒத்ததை ஒத்ததால் தீர்த்தல்' கொள்கை இதனின்றும் பிறந்தது. 1796-இல் கட்டுரையாகவும், 1810-இல் 'ஆர்கனான்' எனப் பெயரிய நூலாகவும் அவர் அதனை நிறுவினார்.

இதனோடு மற்றொரு கொள்கையும் இணைந்தது. மருந்துப்பொருள் ஒரு பங்கிற்கு 99 பங்கு நீரோ சாராயமோ சேர்த்துக் குலுக்குதல் ஒரு படி. அங்ஙனம் பெற்றதில் ஒரு பங்கெடுத்து மீண்டும் 99 பங்கு சேர்த்தல் இரண்டாம் படி. இவ்வாறு படிதோறும் பொருள் குறையக் குறைய மருந்தின் ஆற்றல் மிகும் என்பது ஹோமியோபதியார் கோட்பாடு. 30-ஆம் படி பெருவழக்கிற்று.

2. ஐயுறுவோர் கூறும் முதல் ஏது

30-ஆம் படியில் மூலப்பொருள் அடையும் குறைவு, 1 என்னும் எண்ணையடுத்து 60 சுழிகள் இட்டு எழுதும் எண்ணில் ஒரு பங்காகும். 18 கிராம் நீரிலுள்ள மூலக்கூறுகளின் தொகையோ, 6 என்னும் எண்ணையடுத்து ஏறத்தாழ 23 சுழிகள் இட்டு எழுதும் அளவினது. ஆகவே, 12-ஆம் படியைக் கடந்தபின் மூலப்பொருளின் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்சுதல் அரிது. மூலக்கூறுகளின் அளவை லோஷ்மித் என்பார் கணக்கிட்டது 1865-இல். ஹானிமன் மறைந்தது 1843-இல். ஆதலின் இக்கணக்கை அறியாதிருந்தமை அவர்க்குக் குற்றமாகாது. அவர்க்குப் பின் வந்தோர் இதற்கு விடை கூறும் கடமையுடையர்.

'பொருள் இன்மையின் பயன் இல்லை' என்பது ஐயுறுவோர் வாதம். நம்புவோர் இவ்வேதுவை அசித்தம் என்பர். அஃதாவது, ஏதுவே நிறுவப்படவில்லை என்பர். பொருள் நீங்கினும் அதன் சுவடு நீரில் நிற்கும் என்பது அவர் விடை. 1988-இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் பென்வெனிஸ்து, பெரிதும் நீர்த்த கரைசலும் குருதியணுக்கள்மேல் தொழிற்படுதலைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினார். அவ்விதழாசிரியர் உள்ளிட்ட குழுவொன்று அவ்வாண்டிலேயே அவரது ஆய்வுக்கூடம் சென்றது. எக்குழாயில் எது உளது என்பது ஆய்வாளர்க்குத் தெரியாதவாறு மறைத்துச் செய்தபோது அவ்விளைவு தோன்றவில்லை.

எனினும், ஈண்டு ஒரு நேர்மை வேண்டும். பயன் உண்டென்பது ஐயமறக் காணப்படுமாயின், காரணம் விளங்காமை அதனை மறுத்தற்குப் போதாது. சிங்கோனாப் பட்டை காய்ச்சலைத் தீர்த்தமை, அதன் காரணம் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே மெய்யாயிருந்தது. ஆதலின், பயன் உண்டோ என்பதே முதல் வினாவாகும்.

3. நம்புவோர் காட்டும் காட்சி

நம்புவோரின் வலிமை காட்சியில் உள்ளது. இதற்குக் கல்கத்தாவின் மகேந்திரலால் சர்க்கார் வரலாறு சிறந்த சான்று. 1833-இல் பிறந்து, 1863-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற அவர், முதற்கண் ஹோமியோபதியை வெளிப்படையாக இகழ்ந்தவர். அம்முறையை விளக்கும் நூலொன்றுக்கு மதிப்புரை எழுத நேர்ந்தபோது, நேரிற் காணாது எழுதுதல் முறையன்று எனக் கருதி, ராஜேந்திர தத்தர் என்பாரின் நோயாளரை உடனிருந்து நோக்கினார். பலர் நலம் பெறக் கண்டார். 1867-இல் மருத்துவர் கழகக் கூட்டத்திலேயே தம் மனமாற்றத்தை அறிவித்தார். உடன் தொழில் புரிந்தோர் அவரை ஒதுக்கினர். நோயாளரும் பெரிதும் குறைந்தனர். 1878-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக மருத்துவத் துறைக்குழுவில் அவர் இடம்பெற்றபோது, ஏனையோர் அவருடன் அமர மறுத்தனர். அவர் விலக நேர்ந்தது.

இலண்டன் நகரத்துச் செய்தியொன்றும் இத்தகையதே. 1854-இல் அந்நகரில் வாந்திபேதி பரவியபோது, ஹோமியோபதி மருத்துவமனையில் இறந்தோர் 100-க்கு 16 என்னும் அளவினர். அண்மையிலிருந்த மிடில்செக்ஸ் மருத்துவமனையிலோ 100-க்கு 53 என்னும் அளவினர். அரசின் அறிக்கையில் இக்கணக்கு விடப்பட்டது. 1855-இல் பாராளுமன்றத்தின் வற்புறுத்தலால் வெளிப்பட்டது. நம்புவோர் இதனை இன்றும் எடுத்துக்காட்டுவர். கணக்கை மறைத்தமை ஐயுறுவோர்க்குப் பெருமை தருவதன்று.

4. அநைகாந்திகம்

இனி, இக்காட்சிகளினின்று பெறப்படுவது யாது? நோயாளர் நலம் பெற்றனர் என்பதில் வழக்கில்லை. 'இவர் மருந்தால் நலம் பெற்றார்' என்பது பக்கம். 'மருந்துண்டபின் நலம் பெற்றமையின்' என்பது ஏது. அளவை நூலார் ஏதுப்போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுப்பர். அவற்றுள் அநைகாந்திகம் என்பது ஏதுவானது சபக்கம், விபக்கம் என்னும் இரண்டிடத்தும் செல்லுதல். 'அறியப்படுதலின் ஒலி நிலையாதது' என்று ஒருவன் கூறின், நிலையாத குடமும் அறியப்படுவதே, நிலையுடையதாகக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுவதே. ஆகவே அவ்வேது எதனையும் துணியாது.

'உண்டபின் நலம் பெறுதல்' என்பதும் அத்தகையதே. மருந்தேயில்லாத வெற்றுச் சர்க்கரை மாத்திரையை உண்டோரும் உண்டபின் நலம் பெறுகின்றனர். அதற்குக் காரணங்கள் உள. பல நோய்கள் தாமே தீரும் இயல்பின. ஏறியும் இறங்கியும் வரும் நோயுடையார் நோய் மிக்க பொழுதிலேயே மருத்துவரை நாடுவர். அதன்பின் இறங்குதல் இயல்பு. நெடும்பொழுது இருந்து குறைகளைக் கேட்கும் மருத்துவரின் பரிவும், நலம் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பும் துன்பத்தைத் தணிக்கும். 'குழந்தையும் விலங்கும் எதிர்பார்ப்பை அறியுமோ?' என நம்புவோர் வினவுவர். முதலிரு காரணங்கள் அவற்றிற்கும் உரியன. அன்றியும், நலம் கண்டதாக உரைப்போர் எதிர்பார்ப்புடைய பெற்றோரும் வளர்ப்போருமே.

இலண்டன் கணக்கும் இவ்வாறே. அக்கால மருத்துவர் பலர் வாந்திபேதிக்குக் குருதி வடித்தும், இரசம் கலந்த மருந்தும் பேதி மருந்தும் கொடுத்தும், நீரிழந்து வாடிய உடலை மேலும் வாட்டினர். அத்தீங்கு செய்யாமையே உயிர் காத்தற்கு ஒரு காரணமாகலாம். இரு மனைகளிலும் சேர்ந்த நோயாளர் ஒரே தன்மையினர் என்பதும் நிறுவப்படவில்லை. தீங்கு செய்யாமை நன்று. ஆயின், அது மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகாது.

5. போலி நீக்கும் வழி

இப்போலியை நீக்க ஒரே வழி, சபக்கத்தையும் விபக்கத்தையும் ஒருங்கே வைத்து ஒப்புநோக்குதல். இதனை 1835-இலேயே நூரம்பர்க் நகரத்தார் செய்தனர். 30-ஆம் படி உப்புக்கரைசல் நலமுடையார்பால் குறிகளைத் தோற்றுவிக்கும் என ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் அறைகூவினார். அதன்மேல் சில குப்பிகளில் அக்கரைசலும், சிலவற்றில் வெறும் பனிநீரும் நிரப்பி, கலந்து எண்ணிட்டு, எது எதுவென்பது கொடுப்போரும் உண்போரும் அறியாதவாறு வழங்கினர். அறிக்கை தந்தோர் 50 பேருள் ஏதேனும் உணர்ந்ததாகக் கூறியோர் எண்மர். அவருள் ஐவர் கரைசலும் மூவர் வெறும் நீரும் உண்டவர். இவ்வேறுபாடு எதனையும் நிறுவப் போதாது. ஆய்வு சிறிதெனினும், அதன் நெறி பெரிது.

பிற்கால ஆய்வுகள் இந்நெறியையே விரித்தன. 1997-இல் 89 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய லிந்தே முதலியோர், வெற்று மாத்திரையினும் ஹோமியோபதிக்கு மிகுந்த பயன் தோன்றுவதாகவும், ஆயினும் எந்த ஒரு நோய்க்கும் அது தெளிவாக நிறுவப்படவில்லை என்றும் எழுதினர். தரமிக்க ஆய்வுகளில் அப்பயன் குறைந்து தோன்றுதலை 1999-இல் அவர்களே சுட்டினர். 2005-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு, ஹோமியோபதி ஆய்வுகள் 110-ஐயும் பொது மருத்துவ ஆய்வுகள் 110-ஐயும் ஒப்பிட்டது. பெரியனவும் தரமுடையனவுமாகியவற்றை மட்டும் பிரித்தபோது, ஹோமியோபதியின் பயன் வெற்று மாத்திரையினின்று வேறுபடுத்த இயலாததாயிற்று. அங்ஙனம் பிரிக்கப்பட்ட ஹோமியோபதி ஆய்வுகள் எட்டே என்பதை நம்புவோர் கடிந்தனர்; அக்கடிதல் கேட்கத்தக்கதே. ஆயினும், 2015-இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கழகமும், நம்பத்தக்க சான்று எந்நோய்க்கும் இல்லை என்றே முடித்தது.

'எம் மருத்துவம் ஆளுக்கேற்ப மருந்து தேர்வது. பொதுத்தேர்வு அதனை அளக்காது' என்பது நம்புவோரின் இறுதி மறுப்பு. இதற்கும் விடை உண்டு. மருத்துவர் தம் விருப்பப்படி ஆளுக்கேற்ப மருந்து எழுதட்டும். மருந்தாளர் மறைகுறிப்பின்படி சிலர்க்கு அதனையும் சிலர்க்கு வெற்று மாத்திரையையும் வழங்கட்டும். இத்தகைய ஆய்வுகளும் நிகழ்ந்துள. 2014-இல் அவற்றைத் தொகுத்தோர் சிறு வேறுபாடு கண்டனர். எனினும், ஆய்வுகளின் தரக்குறைவு கருதி அதனை விழிப்போடு கொள்ளுமாறு தாமே கூறினர்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு பெறப்படும். 'கண்டேம்' என்பது நம்புவோர்க்கு அமையாது. காணாவிடத்தும் அது நிகழுமோ என நோக்கல் வேண்டும். அவ்வாறு நோக்கியவிடத்து, இன்றுள்ள சான்று ஐயுறுவோர் பக்கமே சாய்கின்றது. இந்தியாவில் முன்னர் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஹோமியோபதிக் கல்வியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்தியது; அதற்கு மாற்றாக வந்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று அவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. சட்டம் தொழிலை வரையறுக்கும், பயனை ஆக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல், காசநோய், மலேரியா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு முதலியவற்றிற்கு ஹோமியோபதியை நம்பலாகாது என எச்சரித்தது. தானே தீரும் தடிமனில் ஏதுப்போலி தீங்கு செய்யாது கழியும். காலம் தாழ்த்தின் கொல்லும் நோயில் அப்போலியே உயிரை வாங்கும்.

ஐயுறுவோர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார்க்குக் கிடைத்தது மறுப்பன்று, விலக்கு. நீர் கண்டது அநைகாந்திகம், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுக் காண்போம், வருக என அவரை அழைத்தல் அவர் உடன்தொழிலார்க்கு இயலாததன்று. நூரம்பர்க் வழி காட்டி 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் இருக்கையை மறுத்தனரேயன்றி ஏதுவை மறுக்கவில்லை. அவரோ 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928-இல் தம் ஒளிச்சிதறல் ஆய்வை நிகழ்த்தியது அக்கழகத்திலேயாகும். மருந்து பற்றிய துணிபில் காட்சியளவில் நின்றவரே, துணிபுகளை ஆராய்ந்தறியும் களத்தையும் நாட்டிற்கு அளித்தார். ஒருவர் ஒரு துணிபில் வழுவினமையால், அவர் அறிவுடையாரல்லர் என முடித்தலும் ஓர் ஏதுப்போலியே.

மணிமேகலையின் அளவைப் பகுதியைப் பயிலும் மாணவர், குடத்தையும் ஆகாயத்தையும் விடுத்து, தம் இல்லத்து மருந்துப் பேழையை எடுத்துக்காட்டாகக் கொள்வாராயின், அநைகாந்திகம் என்னும் சொல் அவர்க்கு மறவாது. மறவாமை அவர்க்கும், அவர்தம் மனையில் நோயுற்றார்க்கும் பயன்படும்.