பெட்டிக்குள் ஒரு ‘டைட்டானிக்’! பார்த்து வாங்குவது எப்படி?

கப்பல் வாங்கப் போகிறீர்களா? நிஜக் கப்பல் அல்ல. மேஜை மேல் வைக்கும் கப்பல்!

துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பசை போட்டு ஒட்டி, வர்ணம் பூசி, நாமே கப்பல் ஆக்க வேண்டும். பிள்ளைகள் செய்கிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தாத்தாக்களும் செய்கிறார்கள்.

ஆனால், விலை கொஞ்சம் அல்ல. நல்ல மரக் கப்பல் என்றால், வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவு போய்விடும். பணம் போனால் போகட்டும். மாதக் கணக்கில் போட்ட உழைப்பும் சேர்ந்து போனால்?

எனக்கு அப்படித்தான் போயிற்று.

மூன்று பாய்மரம் உள்ள மரக் கப்பல் ஒன்று வாங்கினேன். பெட்டி மேல் இருந்த படத்தில் மயங்கி, உள்ளே திறந்து பார்க்காமலே பணத்தைக் கொடுத்தேன். கப்பலுக்கு முதுகெலும்பு போன்றது அடிக்கட்டை. அது லேசாக வளைந்து இருந்தது. “பலகை ஒட்டினால் நேராகிவிடும்” என்று நினைத்தேன். ஆகவில்லை. மூன்று மாதம் கழித்துக் கப்பல் முடிந்தது. மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்!

என் மனைவி பார்த்தாள். “ஏங்க, இது எந்தப் பக்கம் திரும்புது?” என்று கேட்டாள்.

புகை சொல்லும் உண்மை

படத்தை நம்பாதீர்கள் என்றேன் அல்லவா? ஆனால், படத்தைக் கவனித்துப் பாருங்கள். சில சமயம் அதுவே குட்டை உடைத்துவிடும்.

‘டைட்டானிக்’கை எடுத்துக்கொள்வோம். 1912-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி மூழ்கிய கப்பல். பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். அதற்கு 4 புகைபோக்கிகள். கொதிகலன் புகை வந்தது முன்னால் இருந்த மூன்றில் மட்டுமே! நாலாவது, காற்றோட்டத்துக்கும் சமையல் கட்டுப் புகைக்கும் உரியது. நாலிலும் கருகரு என்று புகை கக்குவதுபோல் படம் போட்டு இருந்தால், போட்டவர் கப்பலைப் பற்றிப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை. ‘டைட்டானிக்’குக்கு ஓர் அக்காள் உண்டு. பெயர் ‘ஒலிம்பிக்’. இரண்டும் பெல்பாஸ்ட் நகரில் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டவை. முதல் வகுப்புப் பயணிகள் உலாவும் மேல்தளம் ‘ஒலிம்பிக்’கில் முழுவதும் திறந்து இருக்கும். ‘டைட்டானிக்’கில் அதன் முன்பாதிக்கு ஜன்னல் வைத்து அடைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் கப்பலில் அந்தத் தளம் முழுவதும் திறந்து இருக்கிறதா? அப்படியானால், நீங்கள் தங்கைக்குப் பணம் கொடுத்து அக்காளை வாங்குகிறீர்கள்!

பெருக்கிப் பாருங்கள்

பெட்டி மேல் 1:350 என்று எழுதி இருக்கும். நிஜக் கப்பலில் 350-ல் ஒரு பங்கு என்று பொருள். ‘டைட்டானிக்’கின் நீளம் 269 மீட்டர். 350-ஆல் வகுத்தால் சுமார் 77 சென்டிமீட்டர். 1:700 என்றால் 38 சென்டிமீட்டர். உங்கள் அலமாரியில் இடம் இருக்கிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். “நீளம் 50 சென்டிமீட்டர், அளவு 1:350” என்று அச்சடித்து இருக்கிறதா? பெருக்குங்கள். 175 மீட்டர் வருகிறது. அது ‘டைட்டானிக்’ ஆகவே முடியாது. பெட்டிக்கு ஏற்றபடி கப்பலைச் சுருக்கி இருக்கிறார்கள். அளவே போடாத பெட்டியும் உண்டு. அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பிளாஸ்டிக் கப்பல்

கப்பலின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் உடல் முறுக்கிக்கொண்டு இருக்கிறது. துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டு இருந்தால், அச்சு தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு துண்டையும் நீங்கள்தான் சுரண்ட வேண்டும். கைப்பிடிக் கம்பிகளைப் பாருங்கள். 1:700 அளவில் ஒரு மனிதனே இரண்டரை மில்லிமீட்டர்தான் இருப்பான். கம்பி அவன் இடுப்பு அளவு தடித்து இருந்தால் பார்க்கச் சகிக்காது. நல்ல பெட்டிகளில் இதற்காக மெல்லிய உலோகத் தகடு தனியாக வைத்து இருப்பார்கள்.

மரக் கப்பல்

முதலில் அடிக்கட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் நுனியில் இருந்து பாருங்கள். வளைவு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். (நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.)

பிறகு பட்டைப் பலகைகள். எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். மரத்தின் ரேகை பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய ரேகை இருந்தால், சிறிய கப்பலில் அடிமரத்தைப் பிளந்து ஒட்டியதுபோல் தெரியும். ஒன்றை எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டும். கயிற்றுக்காகக் கொடுத்து இருக்கும் நூலில் பஞ்சுபோல் மயிர் எழும்பி இருக்கக் கூடாது. கயிறு ஓடும் குட்டிக் கட்டைகளுக்குத் துளை சுத்தமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு மேல் கட்டைகள் உள்ள கப்பலில், ஒவ்வொன்றாக நீங்கள் துளைத்துக்கொண்டு இருக்க முடியுமா?

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அது கப்பலின் முழு அளவில் இருந்தால், துண்டை அதன்மேல் வைத்துச் சரிபார்க்கலாம்.

செய்த கம்பெனியின் பெயரே இல்லாமல், பாதி விலைக்கு வரும் பெட்டிகளும் உண்டு. பெரும்பாலும் இன்னொருவர் செய்ததைப் பார்த்துக் காப்பி அடித்தவை. ஒரு துண்டு குறைந்தால் யாருக்குக் கடிதம் போடுவீர்கள்? பெயர் உள்ள கம்பெனிகள் பல, எழுதிக் கேட்டால் குறைந்த துண்டை அனுப்புகின்றன.

அதனால், கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். “சீல் உடைக்க முடியாது, சார்” என்று கடைக்காரர் சொன்னால், “வீட்டில் பிரித்து எண்ணிப் பார்ப்பேன். குறைந்தால் மாற்றிக் கொடுப்பீர்களா?” என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அன்று இரவே பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அவர்கள் எண்ணினால் ஒன்றும் தப்பாது!