களமும் கல்லூரியும் – 9: கணக்கில் வராத ஆண்டு

கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டை நாடு முழுவதற்குமாக நிர்வகிக்கும் அமைப்பான யூ ஸ்போர்ட்ஸ், 2020 அக்டோபர் 15 அன்று, அடுத்து வரும் குளிர்காலத்தில் தேசியப் போட்டி எதுவும் நடைபெறாது என்று அறிவித்தது. ஐஸ் ஹாக்கி, வாலிபால், மல்யுத்தம் ஆகியவற்றோடு பெண்கள் கூடைப்பந்தும் அந்தப் பட்டியலில் அடங்கியிருந்ததால், 1972 முதல் ஓராண்டும் தவறாமல் நடந்துவந்த பெண்கள் தேசியக் கோப்பை 2021-இல் யாருக்கும் வழங்கப்படாமல் நின்றது. கொரோனா பரவிய அந்த ஆண்டில் உலகெங்கும் எத்தனையோ நின்றுபோயின என்பதும், மருத்துவமனைகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது ஒரு பந்தாட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவது சிறு விஷயம் என்பதும் உண்மையே. ஆனால் நிறுத்தப்பட்டது எது, நிறுத்தியதன் செலவை யார் ஏற்றார்கள் என்று பார்க்கும்போது, கனடாவில் பெண்கள் விளையாட்டு எந்த அடித்தளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது என்பது வேறெந்த ஆண்டையும்விட அந்த ஆண்டில் தெளிவாகத் தெரிகிறது.

யூ ஸ்போர்ட்ஸில் அப்போது 56 பல்கலைக்கழகங்கள் உறுப்பினர்களாக இருந்தன. அவை நான்கு வட்டாரச் சங்கங்களாகப் பிரிந்து தத்தம் பகுதிக்குள் ஆடி, மார்ச் மாதத்தில் எட்டு அணிகள் மட்டும் ஓரிடத்தில் கூடித் தேசியப் பட்டத்துக்கு மோதுகின்றன. ‘இறுதி எட்டு’ எனப்படும் இந்தப் போட்டியில் வெல்லும் அணிக்கு, 1920-களில் கிழக்குக் கனடாவின் பல்கலைக்கழகப் பெண்கள் போட்டிக்கென வழங்கப்பட்டு, பின்னர் தேசியக் கோப்பையாக உயர்த்தப்பட்ட ‘பிரான்ஸ் பேபி’ என்னும் வெண்கலச் சிலை பரிசாகக் கிடைக்கிறது. முதல் மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகமும், அடுத்த ஐந்து ஆண்டுகள் சட்பரி நகரின் லாரன்ஷியன் பல்கலைக்கழகமும், 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து முறை விண்ட்சரும் அதை வென்றுள்ளன. வட்டாரம் என்று சொன்னாலும் தூரம் சிறிதன்று: மேற்குச் சங்கம் பசிபிக் கரையின் விக்டோரியாவிலிருந்து மானிடோபாவின் வின்னிபெக் வரை நீள்கிறது, ஒன்டாரியோ சங்கத்தைச் சேர்ந்த லேக்ஹெட் பல்கலைக்கழகம் இருக்கும் தண்டர் பே நகரிலிருந்து டொரன்டோவுக்குச் சாலை வழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். இத்தனை தூரத்தை அடிக்கடி கடக்க முடியாது என்பதால், வெள்ளி, சனி இரு நாள்களிலும் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் சேர்ந்தே பயணம் செய்து ஒரே அரங்கில் அடுத்தடுத்து ஆடும் முறை பரவலாக உள்ளது. வழக்கமாக மாலை ஆறு மணிக்குப் பெண்கள் ஆட்டமும், எட்டு மணிக்கு ஆண்கள் ஆட்டமும் தொடங்கும். பெண்கள் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி நடக்கையில்தான் ஆண்கள் ஆட்டத்துக்கான கூட்டம் உள்ளே வந்து இருக்கை தேடும் என்பதைச் சொல்லாமல் இந்த ஏற்பாட்டை விவரிப்பது முழுமையாகாது.

2020 மார்ச்சில் பெண்கள் கூடைப்பந்து மயிரிழையில் தப்பியது. தலைநகர் ஒட்டாவாவில் நடந்த இறுதி எட்டில், தேசிய மகளிர் அணிக்கும் பயிற்சியாளராக இருந்த லிசா தோமைடிஸின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழக அணி, மார்ச் 8 அன்று ப்ராக் பல்கலைக்கழகத்தை வீழ்த்திப் பட்டம் வென்றது. அடுத்த மூன்றாம் நாள் உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றை அறிவித்தது. நான்காம் நாள், இளவரசர் எட்வர்ட் தீவில் தொடங்கியிருந்த பெண்கள் ஐஸ் ஹாக்கி தேசியப் போட்டியும் ஹாலிஃபாக்ஸில் தொடங்கியிருந்த ஆண்கள் போட்டியும் பாதியில் கலைக்கப்பட்டன. நாள்காட்டியில் நான்கு கட்டங்கள் முந்தியிருந்ததால் மட்டுமே கூடைப்பந்துக்கு அந்த ஆண்டு ஒரு வெற்றியாளர் கிடைத்தார். சஸ்காட்சுவான் அணி அந்தப் பட்டத்தை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க நேரும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த பருவம் ஒரே அடியில் ரத்தாகவில்லை. 2020 ஜூனில் இலையுதிர்காலத் தேசியப் போட்டிகள் கைவிடப்பட்டபோது, கூடைப்பந்துக்கு ஜனவரியிலிருந்தாவது ஒரு சுருக்கமான அட்டவணை கிடைக்கும் என்ற நம்பிக்கை விட்டுவைக்கப்பட்டது. அக்டோபரில் மேற்குச் சங்கமும் ஒன்டாரியோ சங்கமும் அந்த நம்பிக்கையையும் முடித்துவைத்தன. கனடாவில் பொதுச் சுகாதாரம் மாகாணங்களின் கையில் இருப்பதால், ஒரு மாகாணத்தில் அனுமதிக்கப்பட்டது அடுத்த மாகாணத்தில் குற்றமாக இருந்தது. அட்லாண்டிக் கரையின் நான்கு மாகாணங்கள் தமக்குள் மட்டும் தடையின்றிப் போய்வர 2020 ஜூலையில் அமைத்துக்கொண்ட ஏற்பாடு, அங்குள்ள எட்டுப் பெண்கள் அணிகளுக்கு ஒரு வாய்ப்பைக் காட்டியது; நவம்பர் இறுதியில் அதுவும் உடைந்தது. கியூபெக்கில் 2021 ஜனவரி 9 முதல் இரவு எட்டு மணிக்குமேல் வீட்டைவிட்டு வெளியே வரவே தடை விதிக்கப்பட்டது. ஆறு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தின் கடைசி விசில் ஊதப்படும் நேரத்தில், மான்ட்ரியலின் மெக்கில், கான்கார்டியா வீராங்கனைகள் தெருவில் கால்வைத்தாலே அபராதம் என்ற நிலையில், அட்டவணை என்ற பேச்சுக்கே இடமில்லாமற்போனது.

இதே குளிர்காலத்தில் எல்லைக்குத் தெற்கே ஆட்டம் நடந்தது என்பதுதான் ஒப்பீட்டைக் கூர்மையாக்குகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2020 மார்ச்சில் தன் தேசியப் போட்டிகளை ரத்துசெய்து, ஆண்கள் கூடைப்பந்தின் தொலைக்காட்சி வருவாய் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைக் கண்கூடாகக் கண்டுவிட்டது. அதனால் 2021-இல் 64 பெண்கள் அணிகளையும் டெக்சாஸின் சான் அன்டோனியோ பகுதிக்கு வரவழைத்து, நாள்தோறும் சோதனை செய்து, வெளியாரோடு கலவாமல் அடைத்துவைத்துப் போட்டியை நடத்தி முடித்தது. அங்கும் பெண்களுக்குக் குறைவைத்தார்கள்: ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக்கூடம் அமைத்துவிட்டு, பெண்களுக்கு ஒரே ஓர் அடுக்குக் கை எடைகளை வைத்திருந்ததை ஆரகன் அணியின் செடோனா பிரின்ஸ் படம்பிடித்து வெளியிட, அமைப்பு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. குறையோடு நடந்த அந்தப் போட்டியில் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளிலும் கனடியர் இருந்தனர்: அரிசோனாவில் ஷைனா பெலிங்டன், கனெக்டிகட்டில் ஆலியா எட்வர்ட்ஸ், தென் கரோலினாவில் லெட்டிசியா அமிஹெரே, 54-53 என்ற ஒற்றைப் புள்ளியில் பட்டம் வென்ற ஸ்டான்ஃபோர்டில் அலிசா ஜெரோம். நால்வரும் ஒன்டாரியோவிலிருந்து சென்றவர்கள். அவர்களோடு பள்ளி நாள்களில் ஆடி, சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்த பெண்கள் அந்த மாதங்களை ஆட்டமே இல்லாமல் கழித்தார்கள்.

கனடியப் பல்கலைக்கழக விளையாட்டுக்குப் பின்னால் அத்தகைய தொலைக்காட்சிப் பணம் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு, மாணவர்கள் செலுத்தும் விளையாட்டுக் கட்டணம், முன்னாள் மாணவர்களின் நன்கொடை ஆகியவற்றால் நடப்பது அது. ஆகவே சோதனையும் தனிமைப்படுத்தலும் வாரந்தோறும் விமானமும் என்று ஒரு பருவத்தை நடத்தும் வசதி அதற்கு இல்லை. நிறுத்தியது சரியான முடிவு என்றே கொள்ள வேண்டும். பிழை முடிவில் இல்லை, அதன்பின் போடப்பட்ட கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கின் மையம் ‘போட்டித் தகுதி ஆண்டு’ என்னும் விதி. கனடாவில் ஒரு பல்கலைக்கழக வீராங்கனை ஐந்து பருவங்கள் ஆடலாம். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஆண்டு கழிக்கப்படும். 2020-21 பருவத்துக்கு யாருக்கும் ஆண்டு கழிக்கப்படாது என்றும், ஆடாவிட்டாலும் விளையாட்டு உதவித்தொகை பெறலாம் என்றும் யூ ஸ்போர்ட்ஸ் அறிவித்தது. காகிதத்தில் இதைவிட நியாயமாக எதுவும் இருக்க முடியாது. ஆனால் தகுதி ஆண்டு தனியாக நிற்பதில்லை. ஆடுபவர் அந்தப் பருவத்தில் குறைந்தது மூன்று பாடங்களேனும் எடுத்துப் பதிவுசெய்த மாணவியாக இருக்க வேண்டும். இளநிலைப் பட்டம் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடுவதால், ஐந்தாம் ஆண்டை ஆடுவதே பலருக்குப் படிப்பை நீட்டியோ முதுநிலையில் சேர்ந்தோ செய்துகொள்ளும் ஏற்பாடுதான். 2020-இல் ஐந்தாம் ஆண்டில் இருந்த ஒருவர் திருப்பித் தரப்பட்ட ஆண்டைப் பயன்படுத்த வேண்டுமானால், ஆறாம் ஆண்டுக்கு மீண்டும் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டும், வாடகை தர வேண்டும், கிடைத்த வேலையைத் தள்ளிப்போட வேண்டும். கனடாவின் விளையாட்டு உதவித்தொகை கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் மேல் போக முடியாது என்பதால், உணவும் உறைவிடமும் வீட்டுக் கணக்கில்தான் விழும். திருப்பித் தரப்பட்ட ஆண்டை வாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் வசதியுள்ளவர்களே. மருத்துவத் தாதியர் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து 2021 வசந்தத்தில் பணிக்குப் போக வேண்டியிருந்தவர்கள், தங்கள் கடைசி ஆட்டம் ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தார்கள்.

ஆண்களுக்கும் இதே விதிதான், இதே இழப்புதான் என்று சொல்லலாம். விதி ஒன்றே, இழப்பு ஒன்றன்று. ஆண்களுக்கு 2019 முதல் கனடியன் எலீட் கூடைப்பந்து லீக் என்னும் உள்நாட்டுத் தொழில்முறைப் போட்டி இருந்தது. 2020 கோடையில், ஊரெல்லாம் அடைந்துகிடந்தபோது, செயின்ட் கேதரின்ஸ் நகரில் எல்லா அணிகளையும் ஓரிடத்தில் தங்கவைத்து அது தன் போட்டியை நடத்தியது. பல்கலைக்கழக ஆண் வீரர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் முறையும் அதில் உண்டு. பெண்களுக்கு அன்று நாட்டில் அதற்கு இணையாக எதுவும் இல்லை. பல்கலைக்கழகப் பருவம் அவர்களுக்கு ஒரு படிக்கட்டு அன்று. அநேகருக்கு அதுவே மேல்தளம். ஐரோப்பாவின் சிறு லீக்குகளுக்குச் செல்லும் ஒருசிலருக்கும், அந்த ஒப்பந்தத்தைப் பெற்றுத்தரும் ஆட்டப் பதிவுகள் அந்த ஆண்டு உருவாகவில்லை. கனடாவில் பதின்வயது முடிவதற்குள் பெண்களில் மூவருக்கு ஒருவர் விளையாட்டை விட்டுவிடுகிறார், ஆண்களிலோ பத்தில் ஒருவரே விடுகிறார் என்று கனடியன் விமன் அண்ட் ஸ்போர்ட் அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அந்தச் சரிவைத் தாண்டி வந்தவர்களே பல்கலைக்கழக அணிகளில் இருந்தவர்கள்.

ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில் பயிற்சி முற்றிலும் நிற்கவில்லை. அனுமதித்த இடங்களில், சிறு குழுக்களாக, இரண்டு மீட்டர் இடைவெளியில், ஆளுக்கொரு பந்தோடு நடந்தது. மறித்தல், இடித்து இடம்பிடித்தல், பந்தைப் பறித்தல் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் கூடைப்பந்தில் எறிதல் மட்டுமே மிஞ்சும். மாகாணம் மாறிமாறி அடைத்துத் திறந்ததால் அதுவும் சில வாரங்கள் உண்டு, சில வாரங்கள் இல்லை என்றானது.

கனடாவில் பெண்கள் கூடைப்பந்துக்கு அரங்கு மூடப்பட்டது அது முதல் முறையன்று. ஒரு வணிகப் பள்ளியின் பழைய மாணவியரைக் கொண்டு பெர்சி பேஜ் உருவாக்கிய எட்மன்டன் கிராட்ஸ் அணி, 1915 முதல் 1940 வரை ஏறத்தாழ 500 வெற்றிகளும் 20 தோல்விகளும் கண்டது. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் ஒன்டாரியோவின் அல்மான்ட் ஊரில் பிறந்தவருமான ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதன் பெரும் ரசிகர். கூட்டம் குறைந்துவந்த காலத்தில் போரும் வந்து, அவர்கள் ஆடிய அரங்கை விமானப்படை எடுத்துக்கொண்டதும், அணி கலைந்தது, மீண்டும் கூடவேயில்லை. நெருக்கடி வரும்போது எந்த அரங்கு முதலில் பறிபோகிறது என்பதற்கு அதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

புதிய சான்று 2022 ஜனவரியில் கிடைத்தது. 2021 இலையுதிர்காலத்தில் ஆட்டங்கள் தொடங்கி நடந்துகொண்டிருக்கையில் ஒமிக்ரான் பரவியது. ஒன்டாரியோ அரசு உள்விளையாட்டரங்குகளை மூடி, தொழில்முறை அணிகளுக்கும் ‘உயர்மட்ட அமெச்சூர்’ லீக்குகளுக்கும் மட்டும் விலக்களித்தது. பதினாறு முதல் இருபது வயது வரையிலான ஆண்கள் ஆடும் ஒன்டாரியோ ஹாக்கி லீக் அந்த விலக்கைப் பெற்றது; மாகாணத்தின் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் முதலில் பெறவில்லை. மாணவர்கள் கொதித்தெழுந்து கேள்வி எழுப்பிய பின், பிப்ரவரியில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. இதைத் தொற்றுநோய் அறிவியல் என்று சொல்ல முடியாது. டிக்கெட் விற்கும் லீக் எது, விற்காத லீக் எது என்று அரசு வைத்திருந்த மனக்கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

தாமதமான அந்தப் பருவத்தின் இறுதி எட்டு, மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் 3 அன்று கிங்ஸ்டனில் முடிந்தது. கார்லி கிளார்க்கின் பயிற்சியில் ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்திலும் தோற்காத ரையர்சன் பல்கலைக்கழக அணி வின்னிபெக்கை வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. அதே மாத இறுதியில் அந்தப் பல்கலைக்கழகம் டொரன்டோ மெட்ரோபாலிட்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டதால், பழைய பெயரில் அந்த அணி வென்ற முதல் கோப்பையே கடைசிக் கோப்பையுமாயிற்று.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அணிகள் திரும்பி வரவில்லை. லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2020 ஏப்ரலிலேயே தன் இரு ஐஸ் ஹாக்கி அணிகளையும் கலைத்தது. எழுபதுகளில் ஐந்து முறை தொடர்ந்து பெண்கள் பட்டம் வென்ற லாரன்ஷியன், 2021 பிப்ரவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது. ஏப்ரலில் 69 பாடத்திட்டங்களை மூடியது. அதன் பெண்கள் கூடைப்பந்து அணி எப்படித் தப்பியது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)